மோட்டார் கொட்டகையில் சாக்லேட் வாசனை

மோட்டார் கொட்டகைக்குள் அடுப்பு மூட்டுவது அந்த ஊருக்குப் புதிதில்லை. நடவு நாளில் ஆட்களுக்கு டீ கொதித்திருக்கிறது, கிடா வெட்டின மறுநாள் குழம்பே கொதித்திருக்கிறது. ஆனால் அங்கே சாக்லேட் புதினா குக்கீஸ் சுட்டவள் குந்தவை ஒருத்திதான். அதையும் திருட்டுக் கரண்டில் சுட்டாள்.

திருட்டு என்று சொன்னால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். "சும்மா குடுக்கிறதை எப்படிங்க திருட முடியும்" என்பாள். அவளை மட்டும் சொல்லி என்ன பயன்? திருப்பனந்தாளுக்குத் தெற்கே எந்த வயல்வெளியில் போய்க் கேட்டாலும் இதே நியாயம்தான் பேசுவார்கள். பம்புசெட்டுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற மின்சாரத்தில் மோட்டார் ஓடலாம், கொட்டகைக்குள் ஒரு பல்பு எரியலாம், வேறு எதற்கும் தொடக்கூடாது. இது சட்டம். தெரியாதவர்கள் யாரும் இல்லை. தெரிந்துகொண்டே செல்போனுக்குச் சார்ஜ் போடுவார்கள், டேபிள் ஃபேனை மாட்டிக்கொண்டு மத்தியானம் தூங்குவார்கள், மாவு மிஷின் ஓட்டினவர்கள்கூட உண்டு. ஊரோடு ஒத்து வாழ் என்று குந்தவையும் இறங்கிவிட்டாள்.

வீட்டில் கரண்ட் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, ஆனால் உயிர் இல்லை. வயல்வெளியில் இருக்கிற மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தால் தெருவில் வோல்டேஜ் இறங்கிவிடும். புருஷன் குணசேகரன் கத்தாரிலிருந்து லீவில் வந்தபோது ஆசையாக வாங்கிக் கொடுத்த ஓவன், அந்தக் கரண்டில் கம்பி சிவக்காமல் பழுப்பாகவே நிற்கும். சூடு ஏறாத ஓவனில் குக்கீஸ் மாவை வைத்தால் வெண்ணெய் முதலில் உருகி ஓடிவிடும், மாவு பின்னால் சாவகாசமாக வேகும். அப்படி இரண்டு தட்டு தோசை மாதிரி பரந்து ஒட்டிக்கொண்டதைச் சுரண்டி மாட்டுக்குப் போட்டபோது குந்தவைக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த ஆர்டர் அப்படிப்பட்டது. ஆடுதுறையில் பரிசுப் பொருள் கடை வைத்திருக்கிற ஷமீரா, ஒரு கல்யாணத் தாம்பூலப் பைக்காக அவளிடம் கேட்டிருந்தாள். சொந்தக்காரர் பிறந்தநாளுக்கும் ஸ்கூல் டீச்சர்களுக்கும் சுட்டுக் கொடுத்தவளுக்கு முன்பின் தெரியாதவர்கள் கேட்ட முதல் ஆர்டர். "சாயங்காலத்துக்குள்ள பெட்டி கடைக்கு வந்துரணும்க்கா, பொண்ணு வீட்டுக்காரங்க நேரா வந்து எடுத்துக்குவாங்க" என்று ஷமீரா காலையிலும் ஒருதரம் போன் பண்ணிவிட்டாள்.

டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டியிருந்த மோட்டார் கொட்டகையில் மட்டும் வோல்டேஜ் கிண்ணென்று நிற்கும். எலெக்ட்ரீஷியன் வைரக்கண்ணுவைக் கூப்பிட்டு, ஸ்டார்ட்டர் போர்டிலிருந்து ஒரு ஒயர் இழுத்து பிளக் வைத்துத் தரச் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான். "பெரியவருக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டான். "ஒரு நாளைக்குத்தானேடா" என்றாள் குந்தவை. ஒரு நாளைக்குத்தானே என்ற சொல்லால் கெட்ட குடும்பங்களைக் கணக்கெடுத்தால் இந்த ஜில்லா தாங்காது.

பெரியவர் என்றால் அவள் மாமனார் பஞ்சநதம். அந்த இணைப்பு அவர் பெயரில் இருந்தது. மனுப் போட்டு ஒரு மாமாங்கத்துக்கு மேல் காத்திருந்து, நடையாய் நடந்து, கம்பம் நட்ட அன்று கம்பத்துக்கே சந்தனம் தடவிக் கற்பூரம் காட்டியவர் அவர். மருமகளின் வேலையை "பிஸ்கோத்துக் கடை" என்றுதான் சொல்வார். அவருக்கு மட்டும் தெரிந்தால் பிஸ்கோத்தும் இருக்காது, கடையும் இருக்காது. அன்று அவர் உரம் வாங்கத் திருப்பனந்தாள் போயிருந்தார். அவர் தலை மறைந்ததும் குந்தவை ஓவனை டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு வயலுக்கு வந்துவிட்டாள்.

வயலைப் பார்த்தால் யாருக்கும் வயிறு நிறையும். குறுவை கதிர் வாங்கி, பால் கட்டுகிற சமயம். இந்தச் சமயத்தில்தான் நெல்லுக்குத் தாகம் அதிகம். ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த வாய்க்காலுக்கு முறை வர இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அதுவரை மோட்டார்தான் தாயும் தகப்பனும். மோட்டார் ஒரு வாரம் நின்றால் கதிரில் பால் வற்றிப்போய் அத்தனையும் பதராகிவிடும். இது குந்தவைக்கும் நன்றாகவே தெரியும். தெரிந்துதான் பிளக்கைச் சொருகினாள்.

கம்பி செக்கச் சிவந்தது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

அவள் எசன்ஸ் ஊற்றுகிறவள் இல்லை. எசன்ஸ் ஊற்றினால் பற்பசையைத் தின்பது போலிருக்கும் என்பாள். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் அவளே பதியம் போட்டு வளர்த்த புதினாவைக் கிள்ளி, சர்க்கரையோடு போட்டு விரல் நுனியால் நசுக்கி நசுக்கி, சர்க்கரை பச்சை நிறமாகி ஈரம் கோத்த பிறகுதான் வெண்ணெயில் சேர்ப்பாள். அப்புறம் கோகோ, மைதா, உடைத்த சாக்லேட். வீட்டில் பிசைந்து ஃப்ரிட்ஜில் இறுக வைத்த மாவை ஐஸ் போட்ட தூக்குவாளியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். வெயிலில் வெண்ணெய் இளகுவதற்குள் உருட்டி அடுக்க வேண்டும். முதல் தட்டு வெளியே வந்தபோது ஒவ்வொன்றும் நடுவில் லேசாக வெடித்து, ஓரம் மொறுமொறுவென்று, உள்ளே மெத்தென்று, கடவுளே என்று இருந்தது. ஒன்றைப் பிட்டு வாயில் போட்டாள். முதலில் சாக்லேட்டின் கசப்பு, பின்னாலேயே புதினாவின் குளிர்ச்சி. பஞ்சநதம் மாமா ஒரு தடவை இதை மனசார ஒத்துக்கொள்ளாமல் செத்துப்போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாவது தட்டு உள்ளே இருந்தபோது ஜீப் வந்தது.

மின்வாரிய ஜீப். மேற்கே அடுத்த மோட்டார் கொட்டகை முன்னால் நின்றது. லைன்மேன் ஏணியோடு இறங்கினார். கையில் ஒரு அட்டையோடு சுடிதார் போட்ட ஒரு பெண் இறங்கினாள். அந்தக் கொட்டகைக்காரர் அவசர அவசரமாக ஒரு டேபிள் ஃபேனை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு வரப்பில் ஓடுவது இங்கிருந்தே தெரிந்தது. வேறு நாளாயிருந்தால் குந்தவை விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது ஓவனைத் திரும்பிப் பார்த்தாள்.

செக்கிங். பிடித்தால் கம்பத்தில் ஏறிப் பீஸைப் பிடுங்கிவிடுவார்கள். பீஸைப் பிடுங்கினால் பயிர் போச்சு. மாமா முகத்தில் எப்படி விழிப்பது?

ஃபேன் என்றால் வேட்டிக்குள் போகும். ஓவன் எங்கே போகும்? அவள் பிளக்கைப் பிடுங்கினாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, தட்டு உள்ளே இருக்கிற ஓவனை அப்படியே தூக்கினாள். சூடு துணியைத் தாண்டி உள்ளங்கையில் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோனாள். பின்னால் இருந்தது வைக்கோல் போர் ஒன்றுதான். மாடு பிடுங்கித் தின்று குடைந்த ஒரு பொந்து அதில் இருந்தது. ஓவனை அதற்குள் தள்ளி, முன்னால் இரண்டு கட்டு வைக்கோலைச் சாய்த்து மூடினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள்கூடச் சோறு சூடாக இருக்கிறதா என்று யோசிப்பார்கள். அவள் யோசிக்கவில்லை. ஓவனின் கதவு சரியாகச் சாத்தவில்லை, கம்பி இன்னும் சிவப்பாகவே இருந்தது.

திரும்பி ஓடிவந்து, ஒயரைச் சுருட்டி ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் செருகினாள். பாதி ஆறிய குக்கீஸ் டப்பாக்களைச் சாக்குக்கு அடியில் தள்ளினாள். கையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். ஜீப் அங்கே வந்து நின்றது.

"பஞ்சநதம் அவங்க சர்வீஸ்தானே?" என்று கேட்டபடியே அந்தப் பெண் வந்தாள். "நான் செம்மொழி. உதவிப் பொறியாளர்."

பெயரைக் கேட்டதும் குந்தவைக்கு விளங்கிவிட்டது. நேரில் பார்த்ததில்லையே தவிர, இந்த ஊரில் அந்தப் பெயர் தெரியாதவர்கள் கிடையாது. இளையபெருமாளின் மகள். இளையபெருமாள் ஒரு காலத்தில் பஞ்சநதத்தின் வயலில் பண்ணை வேலை பார்த்தவர். பிறகு காசு சேர்த்து, பஞ்சநதத்தின் வயலுக்குக் கீழண்டையிலேயே ஒரு ஏக்கர் வாங்கி, சொந்தமாகப் பயிர் வைக்கிறவர். மகளை இன்ஜினீயருக்குப் படிக்க வைத்தவர். அவருக்கு மோட்டார் கிடையாது. பஞ்சநதத்தின் மோட்டார் தண்ணீர்தான் மேல் வயல் நிறைந்து, மடை வழியாக அவர் வயலுக்கும் பாய்கிறது. அதற்கு அறுப்பில் நெல் அளந்துவிடுவார்.

"மாமா உரம் வாங்கப் போயிருக்காங்க. நான் மருமவ" என்றாள் குந்தவை. "மோர் சாப்பிடுறீங்களா?"

செம்மொழி மூக்கைத் தூக்கி முகர்ந்தாள். "என்னங்க இது, கேக் கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு?"

ஓவனை மறைக்கலாம், ஒயரை மறைக்கலாம். வாசனையை எந்தச் சாக்கைப் போட்டு மூடுவது? வெண்ணெயும் சாக்லேட்டும் புதினாவும் சேர்ந்து கொட்டகையைத் தாண்டி வரப்பு வரைக்கும் வீசிக்கொண்டிருந்தன.

"அது வந்து, நான் வீட்ல குக்கீஸ் சுடுவேன் மேடம். ஆர்டருக்கு. இங்க கொண்டாந்து ஆற வச்சிருக்கேன், காத்தோட்டமா இருக்கும்னு." சாக்குக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டினாள். "எடுத்துக்குங்க."

லைன்மேன் கூச்சப்படாமல் ஒன்றை எடுத்தார். கடித்துவிட்டு, "மேடம், வாயில கரையுது" என்றார். செம்மொழி எடுக்கவில்லை. "டூட்டில இருக்கேன்" என்றாள். ஆனால் டப்பாவின் அடியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது. நிமிர்ந்து ஸ்டார்ட்டர் போர்டைப் பார்த்தாள்.

"வீடு எங்கங்க இருக்கு?"

"ஊருக்குள்ள, மேலத் தெரு."

"அங்கேருந்து இங்க வர்ற வரைக்கும் சூடு ஆறலையா?"

குந்தவை டப்பாவை மூடினாள். அப்போதுதான் புதினா வாசனைக்குள் வேறொரு வாசனை கலந்தது. அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. காய்ந்த வைக்கோல் கருகுகிற வாசனை.

சொன்னால் ஓவன் இருக்கிற இடம் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் போர் எரியும், போரை ஒட்டின கீற்றுக் கொட்டகை எரியும், உள்ளே இருக்கிற மோட்டாரும் எரியும். இரண்டு மூச்சு விடுகிற நேரம் அவள் சொல்லாமல் நின்றாள். அந்த இரண்டு மூச்சுக்காக அவள் பிற்பாடு எத்தனையோ தடவை தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள். கூரைக்கு மேலே புகை எழும்பியதும் லைன்மேன் கத்தினார்.

"போர் பத்திக்கிச்சு மேடம்."

குந்தவை மண்வெட்டியோடு ஓடினாள். பொந்திலிருந்து தீ நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. வைக்கோலை இழுத்து இழுத்து எறிந்தாள். செம்மொழி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. உள்ளே போய் ஸ்டார்ட்டரைத் தட்டி மோட்டாரைப் போட்டாள். குழாய் இருமிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது. தொட்டி நிறைய நிறைய மூவரும் குடத்திலும் தூக்குவாளியிலும் மொண்டு மொண்டு ஊற்றினார்கள். போரில் பாதி கரியானது. கொட்டகை பிழைத்தது.

புகை அடங்கியபோது போருக்கு நடுவே ஓவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. உள்ளே தட்டில் குக்கீஸ் கரித்துண்டுகளாக வரிசையாக உட்கார்ந்திருந்தன.

செம்மொழி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் முழங்கையெல்லாம் கரி. கொட்டகைக்குள் போய் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, சுருட்டி வைத்த ஒயரை உருவி எடுத்தாள்.

"யார் இழுத்தது?"

வைரக்கண்ணுவின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. குந்தவை அதை விழுங்கினாள். "நான்தான் மேடம் இழுக்கச் சொன்னேன். மாமாவுக்குத் தெரியாது. வீட்ல வோல்டேஜ் இல்ல, ஆர்டர் நிக்குது, புத்தி கெட்டுப்போயிட்டேன்."

செம்மொழி ஒயரைக் கையில் சுற்றியபடி வயலைப் பார்த்தாள். பால் கட்டுகிற கதிரை அவளுக்கு யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. லைன்மேனும் குரலைத் தாழ்த்தி, "பயிர் இருக்கிற நேரம் மேடம்" என்றார். அவள் அட்டையைத் திறந்தாள், மூடினாள். அவள் முகத்தில் ஏதோ இளகுவதைக் குந்தவை பார்த்தாள். அதோடு வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். மகராசி, நின்றிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"பீஸை மட்டும் புடுங்கிறாதீங்க மேடம்" என்றாள். அதோடு நிற்காமல், பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு சொன்னாள்: "உங்க அப்பா வயலுக்கும் இந்தத் தண்ணிதானே பாயுது. எங்க பயிரு காஞ்சா உங்க பயிரும்தான் காயும்."

லைன்மேன் தலையைக் குனிந்துகொண்டார். செம்மொழி அவளை நேராகப் பார்த்தாள்.

"தெரியுங்க. எங்க வயல்தான், எனக்குத் தெரியாதா?" அவள் குரல் உயரவேயில்லை. "எங்க அப்பா சொந்தமா ஒரு கனெக்‌ஷனுக்கு மனுப் போட்டிருக்காரு. நான் ஸ்கூல்ல படிக்கிறப்ப போட்டது. இன்னைக்கு நான் இந்த ஆபீஸ்ல உக்காந்திருக்கேன், அவரு இன்னும் வரிசையில நிக்கிறாரு. முன்னாடி நகர்த்திக் குடும்மான்னு ஒரு நாளும் என்னைக் கேட்டதில்ல. நீங்க அந்தக் கரண்டுல பிஸ்கட் சுடுறீங்க."

குந்தவைக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கம் காது மடல் வரை சுட்டது.

"அபராதம் எழுதி, ஒயரைக் கழட்டிட்டுப் போயிரலாம்னுதான் நினைச்சேன்" என்றாள் செம்மொழி. "இப்ப நீங்க வாய் விட்டுச் சொல்லிட்டீங்க. இதுக்கப்புறம் விட்டுட்டுப் போனா, அப்பன் வயலுக்காக விட்டுட்டுப் போனாள்னு ஊரே சொல்லும். நாளைக்கு எந்தக் கொட்டகையில போய் நான் நிக்க முடியும்?" லைன்மேன் பக்கம் திரும்பினாள். "புடுங்கிருங்கண்ணே."

"மேடம், நான் அப்படி நினைச்சுச் சொல்லலை."

"எப்படி நினைச்சுச் சொன்னீங்க?"

குந்தவை அப்படி நினைத்துத்தான் சொன்னாள்.

லைன்மேன் கம்பத்தில் ஏறி மூன்று பீஸ் கட்டைகளையும் உருவினார். ஓடிக்கொண்டிருந்த மோட்டார் முனகிவிட்டு நின்றது. குழாயில் தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றது. இத்தனை நாள் அந்த இரைச்சலுக்குள்ளேயே இருந்தவளுக்கு இப்போது வயல்வெளியே வெறிச்சென்று கிடந்தது. அபராதம் கட்டி, எழுதிக் கொடுத்து, மேலிடத்து உத்தரவு வந்து திரும்ப இணைப்புக் கொடுக்க ஒரு வாரத்துக்குக் குறையாது என்று சொல்லிவிட்டு செம்மொழி ஜீப்பில் ஏறினாள். ஏறியவுடன் போனை எடுத்தாள். ஜீப் நகர்வதற்குள் குந்தவையின் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "அப்பா, நம்ம வயலுக்கு இனிமே தண்ணி வராதுப்பா. நான்தான் நிறுத்தினேன். வீட்டுக்கு வந்து சொல்றேன்."

பஞ்சநதம் உர மூட்டையோடு வந்து இறங்கியபோது குந்தவை எதையும் மறைக்கவில்லை. முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள், செம்மொழியிடம் தான் பேசின பேச்சு உட்பட. அவர் கம்பத்தைப் பார்த்தார். பீஸ் கட்டை இல்லாத இடத்தைப் பார்த்தார். கத்துவார், கையை ஓங்குவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் தொட்டி மேல் உட்கார்ந்து, "என் மோட்டாரை நிறுத்திட்டியேம்மா" என்று மட்டும் சொன்னார். அதற்கு அவர் அடித்திருக்கலாம் என்று இருந்தது அவளுக்கு.

ஷமீராவுக்குப் போன் பண்ணி, சுட்ட நாலு தட்டு காணாது, ஆர்டர் இல்லை என்று சொன்னாள். ஷமீரா முதலில் திட்டினாள், அப்புறம் அழுதாள், அப்புறம் போனை வைத்துவிட்டாள். அது ஒரு தனி வலி. இந்த வலிக்கு முன்னால் அதற்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.

பக்கத்து மோட்டார்காரரிடம் தண்ணீர் கேட்டார்கள். ஜீப்பைப் பார்த்த பயத்தில் அவர் கையை விரித்தார். "அடுத்தவன் வயலுக்கு விட்டா அதுக்கும் எழுதிருவாங்க பெரியவரே" என்றார். நாலு நாள் வெயில் கொளுத்தியது. மண் வெளுத்து வெடிக்க ஆரம்பித்தது. குந்தவை தினமும் ஒரு கதிரைக் கிள்ளி நகத்தால் நசுக்கிப் பார்த்தாள். பால் கெட்டியாகாமல் குறைந்துகொண்டே வந்தது. இளையபெருமாள் கீழ் வயலில் வந்து வந்து நின்றுவிட்டுப் போனார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

ஐந்தாம் நாள் காலையில் ஒரு டீசல் இன்ஜின் வாடகைக்குக் கிடைத்தது. வடிவாய்க்காலில் பள்ளமான ஓர் இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதை இறைத்து ஏற்றினால் ஒரு வயலுக்குக் காணும், இரண்டு வயலுக்குக் காணாது. இன்ஜின்காரர் பார்த்த உடனே சொல்லிவிட்டார். குழாயை மேல் வயலின் தலைமடையில் போட்டார்கள். இன்ஜின் தடதடவென்று இரைந்தது. கலங்கல் தண்ணீர் பீச்சியடித்துக்கொண்டு வந்தது. பஞ்சநதத்தின் முகத்தில் நாலு நாளைக்குப் பிறகு உயிர் வந்தது. கீழ் வயல் வரப்பில் இளையபெருமாள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு வராது என்று தெரிந்த தண்ணீரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

குந்தவை மண்வெட்டியை எடுத்தாள். தலைமடையில் இரண்டு கொத்து மண்ணை வெட்டிப் போட்டு, தங்கள் வயலுக்குள் போகிற வாயை அடைத்தாள். கீழ் வயலுக்குப் போகிற பக்கக் கன்னி வாய்க்காலை வெட்டிவிட்டாள். தண்ணீர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கீழ் வயலைப் பார்த்துத் திரும்பியது.

"என்னம்மா பண்றே?" பஞ்சநதம் பதறிக்கொண்டு வந்தார்.

இளையபெருமாளும் பதறினார். "வேணாம்மா, பெரியவர் வயலுக்கு விடுங்க. என் மவ பண்ணின வேலைக்கு நான்..."

"உங்க மவ பண்ணலைங்க. நான் பண்ணேன்" என்றாள் குந்தவை. குரல் உடைந்தது, உடைந்தால் உடையட்டும் என்று பேசினாள். "உங்க வயலைக் காட்டித்தான் நான் அந்தப் பொண்ணோட கையைக் கட்டப் பார்த்தேன். அது கட்டுப்படலை. உங்க பயிரு காயக் கூடாது."

பஞ்சநதம் தண்ணீரைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். பிறகு தன் வயலைப் பார்த்தார். கதிர்கள் தலை சாயாமல் வெறுமனே நிமிர்ந்து நின்றன.

"அப்ப நம்ம பயிரு?"

"நம்ம பயிரு காயும் மாமா."

அவர் மண்வெட்டிக்குக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. கையிலிருந்த தீக்கொப்புளம் உடைந்து பிடியெல்லாம் ஈரமாக இருந்தது. அவர் நீட்டிய கையை மெதுவாக எடுத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இளையபெருமாள் குனிந்து தன் மடையைத் திறந்துவிட்டார்.